90,000 ரூபாய் வகுப்பும் பெரியப்பாவின் மருந்துக் கடையும்

மெக்கானிக்கல், சிவில், பி.எஸ்சி. கணிதம் என்று எதையோ படித்துவிட்டு, வெப் டெவலப்பர் ஆகிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பி.இ. மெக்கானிக்கல். ஊர் விருதுநகர். இப்போது சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் டெவலப்பராக இருக்கிறேன். இங்கே வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடிவிட்டது. பணமும் போனது. எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த முதல் ஆள் நான்தான் என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் யாரும் இல்லை. யாராவது ஒருவர் முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதி மிச்சமாகியிருக்கும்.

கல்லூரி முடிந்து கேம்பஸில் ஒன்றும் அமையாத நிலையில் சென்னைக்கு வந்தேன். ஒரு பயிற்சி நிறுவனத்தில் ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் (வெப் தளத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் சொல்லித்தருவது), ஆறு மாதம், கட்டணம் 90,000 ரூபாய், முடித்ததும் வேலைக்கு உதவி செய்வோம் என்றார்கள். கையில் அவ்வளவு இல்லை என்றதும், “பரவாயில்லைங்க, ஈ.எம்.ஐ. போட்டுக்கலாம், வட்டியே கிடையாது” என்று ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டார்கள், சொன்னேன். தவணை என்றுதான் பேசினார்கள். கடன் என்ற வார்த்தையை அங்கே ஒருவர்கூட வாயில் எடுக்கவில்லை. முதல் இரண்டு மாதம் வகுப்பு நன்றாகவே போனது. அப்புறம் சொல்லிக்கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. பதிவு செய்து வைத்திருந்த வீடியோக்களைப் பார்க்கச் சொன்னார்கள். சந்தேகம் கேட்டால் குரூப்பில் போடுங்கள் என்பார்கள், குரூப்பில் பதில் வராது.

நிறுத்திக்கொள்கிறேன், மீதித் தவணை கட்ட முடியாது என்று போய்ச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி முழுத் தொகையையும் ஆரம்பத்திலேயே பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்து முடித்திருந்தது. கடன் என் பெயரில். வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதம் 5,000 ரூபாய் வீதம் 18 மாதம் என் கணக்கிலிருந்து தானாகப் போகும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் பவுன்ஸ் ஆனதற்கு அபராதம், கூடவே சிபில் ஸ்கோரும் இறங்கும். ஊருக்குத் திரும்பி, ஒன்பதாவது பத்தாவது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துத்தான் அந்த 5,000-ஐக் கட்டினேன். அப்பாவிடம் பல மாதங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி நெருங்கும்போது வயிற்றைப் பிசையும்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கோர்ஸில் சேரும் இடத்தில் ஈ.எம்.ஐ. என்று யாராவது சொன்னால், பணம் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போகிறது என்று கேளுங்கள். இடையில் மூன்றாவதாக ஒரு கம்பெனி இருந்தால் அது கடன். கடன் ஒப்பந்தம் முழுவதையும் மெயிலில் வாங்கிப் படிக்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பி வரும் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது பின்னால் எதற்கும் உதவாது. கட்டணத்தை மாதாமாதம் நிறுவனத்துக்கே நேரடியாகக் கட்டுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள், அதற்கு அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதிலேயே நிறையப் புரிந்துவிடும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். வழக்கு என்று போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நான் 1915-இல் புகார் கொடுத்து, தொடர்ந்து மெயில் அனுப்பி, கடைசியில் 20,000 ரூபாய் திரும்பப் பெற்றேன். அதுவும் வகுப்பு நின்ற தேதி, அவர்கள் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் கிடைத்தது.

இதற்கிடையில் இன்டர்வியூக்களுக்கும் போய்க்கொண்டிருந்தேன். ரெசியூமில் மூன்று ப்ராஜெக்ட்: டூ-டூ லிஸ்ட், வெதர் ஆப், பெரிய ஷாப்பிங் தளம் ஒன்றைப் பார்த்துச் செய்த நகல். என்னோடு படித்த எல்லோருடைய ரெசியூமிலும் இதே மூன்றுதான். தரமணியில் ஓர் அலுவலகத்தில் இன்டர்வியூ எடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு, “காலையிலேர்ந்து இந்த வெதர் ஆப்பைத்தான்மா பார்த்துட்டு இருக்கேன்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அப்புறம் கேட்டார்: “உங்க ஷாப்பிங் சைட்ல ஒரு பொருள் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி இருக்கு. ரெண்டு பேர் ஒரே நேரத்துல வாங்குற பட்டனை அமுக்கினா என்ன ஆகும்?” எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தளத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் இருந்ததே இல்லை. என்னைத் தவிர யாரும் அதைத் திறந்து பார்த்ததுகூட இல்லை. இன்னொரு இடத்தில், வரிசைப்படுத்திய ஒரு லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட அதிகபட்சம் எத்தனை முறை ஒப்பிட வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்துக்கொண்டே போனால் 17 முறை போதும். சி.எஸ். (கம்ப்யூட்டர் சயன்ஸ்) படித்தவர்கள் இரண்டாம் வருடத்தில் படிக்கிற சங்கதி. நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும் ரயிலில், நான்கு வருடம் தெர்மோடைனமிக்ஸ் படித்த நேரத்தில் இதைப் படித்திருக்கக் கூடாதா என்று அழுகையாக வந்தது.

என் நிலைமையை மாற்றியது பெரியப்பாவின் நாட்டு மருந்துக் கடை. கடையில் எழுநூறுக்கும் மேலே சரக்கு உண்டு. விலை எல்லாம் நீள நோட்டு ஒன்றில் இருக்கும். விலை மாறினால் அடித்து மேலே எழுதுவார், அதையும் அடித்து ஓரத்தில் எழுதுவார். கடையில் நிற்கும் அண்ணன்மார் இரண்டு பேரும் விலை தெரியாமல் பெரியப்பாவையே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். போனில் பெயரை அடித்தால் விலை வருகிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்றேன். ஒரு வாரத்து வேலை என்றுதான் தோன்றியது.

சரக்குப் பட்டியல் பழைய ஃபான்டில் அச்சகத்தில் டைப் செய்தது ஒன்று இருந்தது. அதை ஒரு கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக (எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு தரும் பொது முறை) மாற்றி டேட்டாபேஸில் ஏற்றினேன். முதல் நாளே பெரியப்பா கூப்பிட்டார்: “என்னம்மா, கொடிவேலி இல்லைங்குது உன் செல்லு. இங்க மூட்டையா கெடக்கு.” பட்டியலைத் திறந்தால் கொடிவேலி கண்ணுக்கு நேராக இருக்கிறது. தேடினால் வரவில்லை. கொள்ளு வரவில்லை, கொத்தமல்லி வரவில்லை. கடுக்காய், திப்பிலி, வசம்பு எல்லாம் வருகிறது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, பட்டியலில் இருக்கும் கொடிவேலியின் நீளத்தையும் நான் போனில் அடித்த கொடிவேலியின் நீளத்தையும், தளத்தை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அச்சிட்டுப் பார்த்தேன். ஒன்று 8, இன்னொன்று 9. நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் உயிர்மெய் என்பது மெய்க்கு ஒரு குறியீடு, உயிர்க்குறிக்கு ஒரு குறியீடு என்று சேர்ந்தது என்பதால் எட்டு. கன்வெர்ட்டரோ ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்காமல், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக வைத்திருக்கிறது. அதனால் ஒன்பது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொல். இப்படி இரண்டு விதமாக எழுத முடியும் என்பதை யூனிகோடே அனுமதிக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஜாவாஸ்கிரிப்டிலேயே ‘நார்மலைஸ்’ என்று ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது. ஒரே ஒரு வரி சேர்த்தேன். கொடிவேலி வந்துவிட்டது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் அதற்கு முன் எந்தக் கோடிங்கிலும் எனக்கு வந்ததில்லை.

தமிழில் எதையாவது சேமித்துத் தேடுகிற மாதிரி நீங்கள் செய்தால், டேட்டாபேஸில் ஏற்றும்போதும் தேடும்போதும் இரண்டு இடத்திலும் இதைச் செய்யுங்கள். ஆனால் ஔகாரத்துக்கு இது மட்டும் போதாது. கௌ என்பதைப் பலர் கொம்பு போட்டு ளகர எழுத்தை அடித்தே முடித்துவிடுகிறார்கள். பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அது வேறு எழுத்து, நார்மலைஸ் அதைத் திருத்தாது. அதற்குத் தனியாக நீங்கள்தான் எழுத வேண்டும். அடுத்தது வரிசை. சும்மா சார்ட் செய்தால் கற்பூரம், கல்பாசி, கழற்சிக்காய் என்று வந்தது. நம் அகரவரிசைப்படி கல்பாசி, கழற்சிக்காய், கற்பூரம் என்றுதான் வர வேண்டும். யூனிகோடில் றகரம் ரகரத்துக்கு அடுத்தும், னகரம் நகரத்துக்கு அடுத்தும் இருப்பதுதான் காரணம். வரிசைப்படுத்தும்போது தமிழ் மொழி என்று சொல்லி ஒப்பிடச் சொன்னால் பிரவுசரே சரியாக அடுக்கித் தரும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் தமிழுக்கான கொலேஷன், அதாவது வரிசை விதி, உண்டு. அமுக்கரா என்று கேட்கிறவர்களும் அசுவகந்தா என்று கேட்கிறவர்களும் ஒரே சரக்கைத்தான் கேட்கிறார்கள், கரிசலாங்கண்ணியைக் கையாந்தகரை என்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால், சரக்கு ஒரு டேபிள், பெயர்கள் இன்னொரு டேபிள் என்று பிரிக்க வேண்டி வந்தது. வகுப்பில் நார்மல் ஃபார்ம் (டேபிள்களை எப்படிப் பிரிப்பது என்ற விதி) என்று மனப்பாடம் செய்த ஒன்று எதற்காக இருக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது.

விலை காட்டுவதோடு நிற்காமல் இருப்பையும் போட்டுக் கொடு என்றார் பெரியப்பா. போட்டேன். சில நாள் கழித்து, கணக்கில் இருப்பதாகக் காட்டும் திப்பிலி டப்பாவில் இல்லை. கடையில் யார் மேலும் சந்தேகம் விழுந்துவிடக் கூடாதே என்று எனக்குப் பதறியது, ஏனென்றால் அண்ணன்மார் அங்கே பல வருடமாக வேலை பார்ப்பவர்கள். உட்கார்ந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. டப்பாவில் 500 கிராம். ஒரு போன் 500 என்று படிக்கிறது. அதே நொடியில் இன்னொரு போனும் 500 என்று படிக்கிறது. முதலாமவர் 100 விற்று 400 என்று எழுதுகிறார். இரண்டாமவர் 200 விற்று 300 என்று அதன் மேலேயே எழுதுகிறார். உண்மையில் மிச்சம் 200, கணக்கில் 300. தரமணியில் என்னிடம் கேட்ட கேள்வி அப்படியே கண் முன்னால் நின்றது. படித்து, கழித்து, எழுது என்று மூன்று படியாக என் நிரலில் செய்யாமல், இருக்கிற எண்ணிலிருந்து இவ்வளவு கழி, இருப்பு போதுமானதாக இருந்தால் மட்டும் கழி என்று டேட்டாபேஸுக்கே ஒரே கட்டளையாகக் கொடுத்ததும் சரியானது. அதற்குப் பிறகுதான் இப்படி ஒரே நேரத்தில் மோதும் வேலைகளைப் பற்றிய டிரான்ஸாக்ஷன், லாக், ரேஸ் கண்டிஷன் பாடங்களைத் தேடிப் படித்தேன். ஒவ்வொரு வரியும் புரிந்தது.

பில் தொகையிலும் சின்னச் சின்னதாக உதைத்தது. ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பின்னங்களை இரும எண்ணாக வைப்பதால் வரும் சங்கடம் அது. பணத்தை ரூபாயும் தசமமுமாக வைக்காமல் முழுப் பைசாவாக வையுங்கள், எடையைக் கிராமாக வையுங்கள். காசு புழங்கும் எந்த ப்ராஜெக்டுக்கும் முதல் நாளே செய்ய வேண்டியது இது.

இப்படித்தான் சி.எஸ். படிப்பு எனக்குள் இறங்கியது. ஆனால் கடை கேட்காத பாடங்களும் இருக்கின்றன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ப்ராஜெக்ட் மட்டும் செய்தால் போதும், தியரி வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எழுநூறு சரக்குக்கு எந்த அல்காரிதமும் தேவைப்படாது, முழுப் பட்டியலையும் போனிலேயே வைத்துத் தேடலாம். ஏழு லட்சம் ஆனால் என்ன ஆகும் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன படிப்பது என்று தெரியாமல் குழம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி கேட் தேர்வின் கம்ப்யூட்டர் சயன்ஸ் பாடத்திட்டம். தேர்வு எழுத வேண்டாம், அந்தப் பாடத்திட்டத்தை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள், அது இலவசம். டிஸ்கிரீட் கணிதத்திலிருந்து ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் வரை ஒரு டிகிரியின் எலும்புக்கூடு அதில் முழுசாக இருக்கிறது. வெப் வேலைக்கு முதலில் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், டேட்டாபேஸ், நெட்வொர்க் நான்கையும் எடுங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் அடுத்து. கம்பைலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீடியோக்களுக்கு என்.பி.டி.இ.எல். இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது. பாடம் பார்க்கக் காசு வேண்டாம். சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் எடுக்கும் அல்காரிதம் பாடத்தைத்தான் நான் முதலில் முடித்தேன். அவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு படியாக எடுப்பார். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். நான் எழுதியபோது கட்டணம் 1,000 ரூபாய். 90,000 ரூபாய் கட்டிய இடத்தில் கிடைக்காதது அங்கே கிடைத்தது என்று நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழகினவர்களுக்கு ஹார்வர்டின் சி.எஸ். 50 பாடமும் இலவசம், சி மொழியை வைத்து நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டுவார்கள். பட்டமே வேண்டும் என்கிறவர்களுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் கொண்டுவந்த பி.எஸ். படிப்பு உண்டு. ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே சில வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைப்பார்கள். ஃபவுண்டேஷன், டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று எந்தக் கட்டத்திலும் சான்றிதழோடு வெளியேறலாம். ஆனால் அது டேட்டா சயன்ஸைச் சார்ந்தது, ஆபரேட்டிங் சிஸ்டம் போன்ற பாடங்கள் அதில் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

எந்த ப்ராஜெக்ட் செய்வது என்று கேட்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். அது நின்றுபோனால் உங்களுக்குப் போன் போட்டுத் திட்ட ஒரு ஆள் இருக்கிறாரா? இருந்தால் அதைச் செய்யுங்கள். அத்தையின் தையல் கடை, தெருமுனை டியூஷன் சென்டர், ஊர்க் கோயில் நன்கொடைக் கணக்கு, எதுவானாலும் சரி. அவர்கள் இங்கிதம் பார்க்காமல் குறை சொல்வார்கள். கடைக்குள் சிக்னல் இல்லை என்று பெரியப்பா சத்தம் போட்டதால்தான், சிக்னல் இல்லாதபோதும் தளத்தை ஓட வைக்கும் சர்வீஸ் வொர்க்கர் படித்தேன். அது ஹெச்.டி.டி.பி.எஸ். என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் ஓடாது என்பதால் தளத்துக்கான சான்றிதழ் வாங்கக் கற்றேன். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, ஆனால் நான் வாங்கியது 90 நாள்தான் செல்லும். தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் ஒரு நாள் காலையில் எல்லாப் போனிலும் சிவப்பு எச்சரிக்கை வந்து நிற்கும்.

செலவு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) முதல் வருடம் 99 ரூபாய்க்குக் கிடைத்தது, இரண்டாம் வருடம் ஆயிரத்துக்கு மேல் கேட்டார்கள். வாங்கும்போதே புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். இன்னொன்று, கிளவுட் சர்வீஸின் (வாடகை சர்வர்) ரகசியச் சாவியை நிரலோடு சேர்த்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடக் கூடாது. என்னோடு படித்த ஒருவருக்கு இப்படி நடந்து, யாரோ அவர் கணக்கில் சர்வர்களை ஓட்டி, அவர் வாழ்நாளில் பார்க்காத டாலர் தொகைக்கு பில் வந்தது. கெஞ்சிக் கேட்டுத்தான் தள்ளுபடி வாங்கினார். ஃபைலை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், பழைய மாற்றங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். சாவியை ரத்து செய்து புதிது வாங்குவதுதான் வழி. செலவு இவ்வளவைத் தாண்டினால் மெயில் அனுப்பு என்று கணக்கு தொடங்கிய அன்றே போட்டு வையுங்கள்.

அடுத்த சுற்று இன்டர்வியூவில் ரெசியூமில் ஒரே ஒரு ப்ராஜெக்ட்தான் இருந்தது. கொடிவேலி ஏன் கிடைக்கவில்லை என்பதையும் திப்பிலிக் கணக்கையும் மட்டுமே முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் பேசினேன், போர்டில் வரைந்து காட்டினேன், கை நடுங்கவில்லை. அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

சேருவதற்கு முன் அவர்கள் தந்த ஒப்பந்தத்தில், பணியில் இருக்கும் காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லா மென்பொருளும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற மாதிரி ஒரு வரி இருந்தது. சொந்த ப்ராஜெக்ட் வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். நான் ஹெச்.ஆர். மேடமுக்கு ஒரு மெயில் போட்டேன்: இந்தப் பெயரில் ஒரு கடைக்கான செயலி ஏற்கெனவே இருக்கிறது, வீட்டில் என் சொந்த லேப்டாப்பில் தொடர்ந்து பார்த்துக்கொள்வேன், இதற்கு விலக்கு வேண்டும் என்று. இரண்டு நாளில் சரி என்று பதில் வந்தது, ஒப்பந்தத்தில் ஒரு பின்னிணைப்பும் சேர்த்தார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டிருந்தால் அவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது என்று அவரே பின்னால் சொன்னார்.